அத்தானும் அதிரும் கிண்ணமும்

பி.காம் படித்தவனுக்கு வீட்டில் ஒரே ஒரு மரியாதைதான் உண்டு. எதையாவது வாங்கலாமா வேண்டாமா என்று புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வந்தால், 'அவனைக் கேளு, அவன் கணக்குப் படிச்சவன்' என்று கூப்பிடுவார்கள். இன்வர்ட்டருக்கும், வாஷிங் மெஷினுக்கும், ஏலச் சீட்டுக்கும் நான் தீர்ப்பு சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை எருமை மாட்டுக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். துப்பாக்கித் தோட்டா விவகாரத்தில் பஞ்சாயத்துக்கு உட்காருவேன் என்று மட்டும் நினைத்ததே இல்லை.

2023 டிசம்பரில் அக்கா வீட்டுக்கு அமெரிக்கா போயிருந்தேன். அரிசோனா மாநிலம், ஃபீனிக்ஸ் பக்கத்தில் சாண்ட்லர். கோடையில் 45 டிகிரி அடிக்கிற ஊர், டிசம்பரில் கொடைக்கானல் மாதிரி இருந்தது. போய் இறங்கி, முறுக்கையும் ஊறுகாயையும் எடுத்து வைத்து, இட்லி சாப்பிட்டுக் கை கழுவவில்லை. அக்கா ஆரம்பித்துவிட்டாள்.

''டேய், உங்க அத்தான் 450 டாலருக்கு ஒரு கிண்ணம் வாங்கப் போறாராம்டா! அதிர்ற கிண்ணம்!''

''கிண்ணம் இல்லடி. ப்ரைமர் ஃபில்லர். மாப்ளே, நீயே கேளு...''

''நீங்க சும்மா இருங்க. அவன் கணக்குப் பார்த்துச் சொல்லட்டும். 450 டாலர்னா நம்ம காசுல எவ்வளவுடா?''

37 ஆயிரத்துச் சொச்சம். வாயில் இருந்த தண்ணீர் புரையேறிவிட்டது. அந்த விலைக்குக் கிண்ணம் என்றால் வெள்ளியிலாவது இருக்க வேண்டாமா?

அத்தான் ஆறடி உயரம், அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். இருபது வருஷமாக அங்கே கம்ப்யூட்டர் வேலை. சிட்டிசன் ஆகி நாலைந்து வருஷம் கழித்து பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவரோடு சனிக்கிழமைகளில் பென் ஏவரி என்கிற அரசாங்கத் துப்பாக்கி சுடும் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தார். அட்டையில் சுடுவதோடு சரி. முயலைக்கூடச் சுட மாட்டார், பாவம். எறும்பு மருந்து போடுவதற்கே மனசு வராமல் அக்காவிடம் திட்டு வாங்குகிறவர். (துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற பட்டிமன்றத்தை நான் இங்கே வைக்கப் போவதில்லை. அந்த நாட்டிலேயே இன்னும் நடுவர் தீர்ப்பு வரவில்லை.)

அங்கே பலர் தோட்டாவைக் கடையில் வாங்குவதில்லை. வீட்டிலேயே தயார் பண்ணிக்கொள்கிறார்கள். ரீலோடிங் என்று பெயர். ஒரு தோட்டாவுக்கு நாலு பாகம். பித்தளைக் கூடு, அதற்குள் வெடிமருந்து, முன்னால் குண்டு, பின்னால் அடியில் ப்ரைமர். சுட்டால் மருந்து எரிந்துவிடும், குண்டு போய்விடும், ப்ரைமர் செத்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் பத்திரமாக வெளியே விழும். அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, சுத்தம் பண்ணி, மற்ற மூன்றையும் புதுசாகப் போட்டால் மறுபடி தோட்டா. பால் கவரையும் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலையும் தூக்கிப் போடாத பரம்பரையில் வந்த அத்தானுக்கு இந்த சமாசாரம் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை.

நம்ம கதாநாயகன் ப்ரைமர். தீபாவளிக்குச் சின்னப் பசங்க பொம்மைத் துப்பாக்கியில் வெடிப்பார்களே பொட்டு கேப், அதனுடைய அமெரிக்கப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன சைஸ் ப்ரைமரின் குறுக்களவு நாலரை மில்லிமீட்டர். கிட்டத்தட்ட ஒரு மிளகு. குட்டி உலோகக் கிண்ணி. அதில் துளியூண்டு ரசாயனம், பெரும்பாலும் ஈயம் கலந்த உப்பு. அதன்மேல் பட்டறைக்கல் மாதிரி ஒரு சின்ன மூன்றுகால் தகடு. துப்பாக்கியின் ஊசி பின்னாலிருந்து ஒரு தட்டு தட்டினால் ரசாயனம் கிண்ணிக்கும் தகட்டுக்கும் நடுவே நசுங்கித் தீப்பொறி கக்கும். மருந்து பற்றிக்கொள்ளும். மிச்சத்தைக் குண்டு பார்த்துக்கொள்ளும்.

(இந்த ப்ரைமரில் இரண்டு ஜாதி. ஒன்றைக் கண்டுபிடித்தவர் பாக்ஸர், இங்கிலாந்துக்காரர். இன்னொன்று பெர்டான், அமெரிக்கக்காரர். இரண்டு பேரும் 1866 வாக்கில் கிளம்பியவர்கள். இன்று அமெரிக்கா முழுக்க பாக்ஸர். ஐரோப்பாவில் நிறைய இடங்களில் பெர்டான். சொந்த ஊரில் மரியாதை கிடைக்காதது அங்கேயும் உண்டு.)

தோட்டா செய்ய அத்தான் கராஜில் ஒரு பிரஸ் வைத்திருக்கிறார். கரும்புச் சாறு மெஷினுக்கும் அடிபம்புக்கும் பிறந்த குழந்தை மாதிரி இருந்தது. கைப்பிடியை ஒரு தடவை இழுத்தால் ஒரு தோட்டா விழும். மணிக்கு 500 சர்வசாதாரணம். ஆனால் பிரஸ்ஸின் பக்கவாட்டில் செங்குத்தாக ஒரு குழாய். அதில் ப்ரைமர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக 100 நிற்கும். நூறு தோட்டா ஆனதும் குழாய் காலி. மறுபடி நூறு. அந்த நூறை நிரப்புவதற்குத்தான் சார், அந்தக் கிண்ணம்!

கையால் எப்படி நிரப்புகிறார்கள்? முதலில் கண்ணாடி போட வைத்தார் அத்தான். பவர் கண்ணாடி இல்லை, பாதுகாப்புக் கண்ணாடி. வரிவரியாகப் பள்ளம் போட்ட ஒரு பிளாஸ்டிக் தட்டில் நூறு ப்ரைமரையும் மெதுவாகக் கவிழ்க்கிறார்கள். முறத்தில் புடைப்பது மாதிரி லேசாக ஆட்டினால் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொள்கின்றன. பளபளப்பான பக்கம் மேலே இருக்க வேண்டும். நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் மூக்கு வைத்த ஒரு நீளக் குழாயை எடுத்து ஒவ்வொரு ப்ரைமர் மேலும் 'டக்... டக்...' என்று அழுத்தினால், கொக்கு மீன் பிடிப்பது மாதிரி ஒவ்வொன்றாக உள்ளே ஏறிக்கொள்ளும். நூறு கொத்து.

நான் ஒரு குழாய் நிரப்பிப் பார்த்தேன். நாலரை நிமிஷம். நடுவில் இரண்டு கீழே விழுந்தன. இரண்டையும் கண்டுபிடிக்கும்வரை அத்தான் என்னை எழுந்திருக்க விடவில்லை. ''உங்க அக்கா வாக்குவம் கிளீனர் போட்டா உள்ள போய் வெடிச்சு வைக்கும் மாப்ளே.'' அத்தான் அதே வேலையை இரண்டு நிமிஷத்தில் முடித்தார்.

மெஷின் என்ன பண்ணுகிறது? போல்ட், நட், பேனா மூடி செய்கிற ஃபேக்டரிகளில் வேலை பார்த்த வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வட்டக் கிண்ணம். உட்சுவரைச் சுற்றி மலைப்பாதை மாதிரி ஒரு விளிம்பு மேலேறிக்கொண்டே போகும். கிண்ணம் 'ர்ர்ர்' என்று அதிர, உள்ளே கொட்டிய ப்ரைமர்கள் வரிசையாகப் பாதையில் ஏறும், பழனி மலைக்குக் காவடிகள் போவது போல. தலைகீழாக வருகிற ஆசாமியை ஓர் இடத்தில் கால் இடறிக் கீழே தள்ளிவிடும். அவர் மறுபடி அடிவாரத்திலிருந்து வர வேண்டும். ஒழுங்காக வந்தவர்கள் மட்டும் ஓட்டை வழியாகக் குழாயில் இறங்குவார்கள். குழாயைச் சுற்றி உலோகக் கவசம். இந்தக் கிண்ணத்துக்குப் பேர்போன டில்லான் கம்பெனி இருப்பது ஸ்காட்ஸ்டேலில். அக்கா வீட்டிலிருந்து காரில் போய்விட்டு வந்துவிடலாம். அத்தானுக்குச் சபலம் வந்ததில் பாதிக் காரணம் அதுதான் என்பது அக்காவின் கட்சி.

நூறு ப்ரைமருக்கு மெஷின் எடுத்துக்கொள்கிற நேரம்? இரண்டு நிமிஷம், இரண்டரை நிமிஷம்.

அதாவது, அத்தான் கையால் செய்கிற அதே நேரம்!

''பாத்தியா? பாத்தியா?'' என்றாள் அக்கா.

''அது ஓடும்போது நான் சும்மா நிக்க மாட்டேன்ல? அந்த நேரத்துல பிரஸ்ல வேலை பாப்பேன். ரெண்டு வேலை ஒரே சமயத்துல.''

''ரெண்டு வேலை ஒரே சமயத்துல பாக்கிறவருதான் பால் அடுப்புல இருக்குன்னு சொன்னா போன்ல பேசிக்கிட்டே பொங்க விடுறீங்களாக்கும்?''

நான் பேப்பர், பேனா கேட்டேன். கோர்ட் கூடியது.

அத்தான் மாசம் 800 தோட்டா செய்கிறார். எட்டுக் குழாய். குழாய்க்கு இரண்டு நிமிஷம் மிச்சம் என்றால் மாசத்துக்கு 16 நிமிஷம். வருஷத்துக்கு 3 மணி 12 நிமிஷம். அப்போது அரிசோனாவில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13 டாலர் 85 சென்ட். அத்தான் வாங்குகிற சம்பளத்துக்கு அது அவமானம்தான். ஆனால் சனிக்கிழமை மத்தியானம் கராஜில் நிற்கிற மனுஷனுக்கு வேறு யார் காசு தருகிறார்கள்? 450-ஐ 13.85-ஆல் வகுத்தால் 32 மணி 29 நிமிஷம். போட்ட முதல் திரும்பி வர பத்து வருஷம், இரண்டு மாசம். வட்டி சேர்க்காமல்! அந்தப் பணத்தை டெபாசிட்டில் போட்டிருந்தால் என்று நான் ஆரம்பிப்பதற்குள் அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார்.

அக்காவிடம் இன்னொரு ஆயுதம் இருந்தது. அத்தானின் கணக்கு நோட்டு. கடையில் வாங்கினால் ஒரு தோட்டா 26 சென்ட். வீட்டில் செய்தால் குண்டு 11, ப்ரைமர் 7, மருந்து 2. பித்தளை பொறுக்கியது, இலவசம். ஆக 20 சென்ட். ஒன்றுக்கு 6 சென்ட் லாபம்! அத்தான் நெஞ்சை நிமிர்த்தினார்.

''டேய், அந்த முதல் பக்கத்தையும் பாரு'' என்றாள் அக்கா. பார்த்தேன். ரீலோடிங் ஆரம்பிப்பதற்கு முன்னால் அத்தான் மாசத்துக்கு 200 தோட்டாதான் சுட்டிருக்கிறார். 26 சென்ட் வீதம் 52 டாலர். இப்போது 800 சுடுகிறார். 20 சென்ட் வீதம் 160 டாலர்.

''மிச்சம் பிடிச்சு மிச்சம் பிடிச்சே 52 டாலரை 160 ஆக்கிட்டார்டா மனுஷன்!''

இது அத்தானின் தனிப்பட்ட கோளாறு இல்லை. ஆடித் தள்ளுபடியில் ஒரு புடவைக்கு 200 ரூபாய் மிச்சம் என்று ஏழு புடவை வாங்குகிற அதே கணக்கு. ரீலோடிங் பண்ணுகிறவர்களே இதைச் சொல்லிச் சிரித்துக்கொள்வார்கள். செலவு குறையாது, அதே செலவில் நிறையச் சுடலாம், அவ்வளவுதான்.

அக்காவின் கடுப்புக்கு இன்னொரு நியாயமும் உண்டு. முன்பு ஆயிரம் ப்ரைமர் 30, 35 டாலருக்கு வந்துகொண்டிருந்தது. 2020-ல் கொரோனா வந்ததும் அங்கே ஜனங்கள் கடையில் டாய்லெட் பேப்பரோடு ப்ரைமரையும் துடைத்து எடுத்தார்கள். அமெரிக்காவில் ப்ரைமர் செய்கிற பெரிய கம்பெனிகளே நாலுதான். அதில் ரெமிங்டன் அந்த வருஷம் ஜூலையில் திவால் மனு போட்டு, பிற்பாடு கை மாறியது. 2021-ல் ஆயிரத்தின் விலை நூறு டாலரைத் தாண்டியது. அதுவும் கிடைத்தால். அந்தச் சமயத்தில் குழாய் நிரப்பும் மெஷின் வைத்திருந்தவர்கள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருப்பார்கள், பஞ்சத்தில் கிரைண்டர் வைத்திருந்த மாதிரி.

தீர்ப்பைச் சொன்னேன். மாசம் 800 என்றால் இந்த மெஷின் வேண்டாம். அதற்குப் பதில் இன்னும் எட்டு, பத்து காலிக் குழாய் வாங்கிக்கொள்ளுங்கள், சில டாலர்கள்தான். சனிக்கிழமை பிரஸ்ஸில் நிற்பதற்கு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் நிரப்பி நிறுத்திவிட்டால் நடுவில் தடங்கலே இருக்காது. இல்லை, எனக்கு மெஷின்தான் வேணும் என்றால் பேட்டரியில் ஓடுகிற, கையில் பிடிக்கிற மாதிரி சின்னது இருக்கிறது. விலையில் கால்வாசிகூட இல்லை. கொஞ்சம் அடம் பிடிக்குமாம். குழாயே இல்லாமல் தட்டிலிருந்து நேராக ப்ரைமர் எடுத்துக்கொள்கிற பிரஸ்களும் உண்டு. மாசம் நாலாயிரம், ஐயாயிரம் என்று போட்டிக்குச் சுடுகிறவர்கள், பிரஸ்ஸுக்கே மோட்டார் மாட்டியவர்கள்... அவர்கள் தாராளமாக வாங்கலாம். ஒன்றரை வருஷம், இரண்டு வருஷத்தில் முதல் வந்துவிடும். ஒரு மெஷின் போதுமா என்பதுதான் அவர்கள் கவலை.

அக்கா முகத்தில் வெற்றிப் புன்னகை. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. ''சரி மாப்ளே'' என்றார். அவ்வளவு சுலபத்தில் அவர் ஒத்துக்கொண்டது எனக்கே ஒரு மாதிரி இருந்தது. வழக்கமாகத் தோற்றுப்போன கட்சிக்காரர் அப்பீலுக்காவது போவார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் ''வா, ஒரு நடை போய்ட்டு வரலாம்'' என்று பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

பெரியவருக்கு 74 வயசு. போஸ்ட் ஆபீஸில் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மனைவி போய் மூன்று வருஷம். கராஜ் கோயில் மாதிரி சுத்தமாக இருந்தது. ப்ரைமர் பெட்டிகள் வெடிமருந்திலிருந்து தள்ளி, தனி அலமாரியில், கம்பெனிப் பெட்டி பிரிக்காமல். வீட்டில் பத்தாயிரம் ப்ரைமருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தீயணைப்பு விதி இருக்கிறது. அவர் கதவில் ஒரு சீட்டு ஒட்டி ஒவ்வொரு பெட்டியையும் வரவு செலவு எழுதி வைத்திருந்தார். பி.காம் படித்த எனக்கே வெட்கமாக இருந்தது.

மேலே கூரையில் ஒரு ரூபாய் அகலத்துக்குப் பூசி அடைத்த தழும்பு. என்ன என்று கேட்டேன்.

''பழைய கதை. ஒரு ப்ரைமர் சரியாக உட்காரவில்லை. பொறுமை இல்லாமல் கைப்பிடியை ஓங்கி அழுத்தினேன். அது வெடித்து, குழாயில் மிச்சம் இருந்ததும் சேர்ந்து போனது. குழாய்க்குள் நின்ற பிளாஸ்டிக் குச்சி அங்கே போய்க் குத்தியது. ஒரு வாரம் காதில் மணி அடித்தது. குழாயைச் சுற்றி இரும்புக் கவசம் இருந்ததால் இந்தக் கண்ணால் உங்களைப் பார்க்கிறேன்'' என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒரு ப்ரைமர் பொட்டு கேப். நூறு ப்ரைமர் ஒன்றாக அடுக்கினால் அது வேறு ஜந்து. தனித்தனியாகக் குழி வைத்த பெட்டியிலேயே வைத்திருங்கள், ஜாடியில் கொட்டி வைக்காதீர்கள் என்று கம்பெனிக்காரர்கள் கரடியாகக் கத்துவது அதனால்தான்.

காபி கொடுத்தார். அப்போதுதான் கவனித்தேன். கோப்பையைப் பாதிதான் நிரப்பியிருந்தார். நீட்டும்போது அதுவும் தளும்பியது.

சும்மா இருக்கும்போது கை சும்மாதான் இருக்கிறது. எதையாவது பிடிக்கப் போனால் நடுங்குகிறது. பார்க்கின்சன் இல்லையாம், இது வேறு வகை. அவர் அப்பாவுக்கும் இருந்ததாம். பேசிக்கொண்டே ப்ரைமர் தட்டை எடுத்துக் குழாயைக் கையில் பிடித்தார். டக்... பக்கத்தில் விழுந்தது. டக்... இரண்டு ப்ரைமருக்கு நடுவில். ஒரு காலத்தில் ஒரே நிமிஷத்தில் நூறு கொத்தினவராம். நான் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். ஒன்பது நிமிஷத்தில் அறுபது. ஐந்தாறு தட்டை விட்டுத் தெறித்துத் தரையில் கிடந்தன. குனிய முடியாமல் காந்தக் குச்சியை எடுத்து, பித்தளை ஆச்சே, காந்தத்தில் ஒட்டாது என்று ஞாபகம் வந்து, அவரே தலையில் அடித்துக்கொண்டார்.

அத்தான் ஒன்றுமே நடக்காத மாதிரி தரையில் உட்கார்ந்து பொறுக்கினார். ''உங்க குழாயை என்கிட்ட குடுங்க, எனக்குக் கை பழகணும்'' என்று வாங்கி, நாலு குழாயையும் நிரப்பி வைத்தார். பெரியவர் மாசம் 400 தோட்டா செய்கிறார். நாலும் அத்தான் உபயம் என்று அப்புறம்தான் தெரிந்தது. 'உங்க கை நடுங்குது, நான் செஞ்சு தரேன்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'கை பழகணும்' என்பதே எட்டு மாசமாக ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வருகிற நூறடியில் கேட்டேன். ''அத்தான், அந்தக் கிண்ணம் உங்களுக்கு இல்லையா?''

''எனக்குத்தான் மாப்ளே. எங்க வீட்டுல சத்தம் ஆகாது, உங்க கராஜ்ல வெச்சுக்கலாமான்னு கேட்கலாம்னு இருந்தேன். நேரா வாங்கிக் குடுத்தா வாங்க மாட்டார். போன மாசம் அவர் பிரஸ்ஸையே வித்துடலாமான்னு கேட்டார். அதையும் வித்துட்டா சனிக்கிழமை அந்த மனுஷன் எதுக்கு எந்திரிக்கணும், சொல்லு?''

''இதை அக்காகிட்ட சொல்ல வேண்டியதுதானே?''

''அவளுக்கு ரகசியம் தங்காது. மறுநாளே போய், 'உங்க கைக்காகத்தான் இவர் வாங்குறார்'னு பால் பாயசத்தோட சொல்லிட்டு வந்துடுவா.''

அதுவும் வாஸ்தவம்தான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை, பாழாய்ப்போன ஜெட்லாக். மறுபடி கணக்குப் போட்டேன். எட்டுக் குழாயோடு பெரியவரின் நாலு. பன்னிரண்டு குழாய், மாசம் 24 நிமிஷம், வருஷத்துக்கு 4 மணி 48 நிமிஷம். முதல் திரும்ப ஆறே முக்கால் வருஷம். அப்போது பெரியவருக்கு 81. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் லாபம் காட்ட முடியவில்லை. பி.காமில் இதற்கெல்லாம் 'நற்பெயர்' என்று ஒரு தலைப்பு உண்டு. எங்கே எழுதுவது என்று தெரியாத தொகையை அதில் தள்ளிவிடுவார்கள். பத்து வருஷமாக மறந்திருந்தேன்.

காலையில் தோசை வார்த்துக்கொண்டிருந்த அக்காவிடம், ''கணக்குல ஒரு தப்பு பண்ணிட்டேன்க்கா. பித்தளைத் தேய்மானத்தைச் சேர்க்கலை. வாங்கலாம்'' என்றேன்.

அக்கா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள்.

''நேத்து அங்க போய்ட்டு வந்தீங்கல்ல?''

''ம்.''

''கை நடுங்குறது எனக்குத் தெரியாதுன்னு நெனைக்கிறாராடா உங்க அத்தான்? தீபாவளிக்கு நான் குடுத்த பாயசத்தை அவர் ஸ்ட்ரா போட்டுக் குடிச்சார். முதல்லயே சொன்னா நான் என்ன மாட்டேன்னா சொல்லப் போறேன்? எனக்குக் கோவம் கிண்ணத்து மேல இல்ல.'' கொஞ்ச நேரம் கழித்து, ''தேய்மானமாம் தேய்மானம்'' என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எனக்கு இன்னொரு தோசை விழுந்தது.

நான் கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் கிண்ணம் வந்து சேர்ந்தது. என்ன பிராண்டு என்று சொல்ல மாட்டேன். யாரும் எனக்குக் கமிஷன் தரவில்லை. அத்தான் நாடகம் முழுசையும் ஒப்பித்தார். சத்தம், மனைவி, கராஜ், இடம் கிடைக்குமா... பெரியவர் நாற்பது விநாடி அவரையே பார்த்துவிட்டு, ''அந்த ஓரத்தில் வை'' என்றார். நம்பினாரா என்று கேட்டால், முப்பது வருஷம் அடுத்தவர் கடிதங்களைப் பிரிக்காமலே கொண்டுபோய்க் கொடுத்தவர். அவருக்குத் தெரியாதது என்ன இருக்கப் போகிறது?

மூன்று பேரும் கண்ணாடி மாட்டிக்கொண்டோம். பெட்டியோடு கவிழ்த்தால் நூறும் கிண்ணத்தில் விழுந்துவிடுகின்றன. ஒன்றொன்றாகப் பிடிக்கிற வேலையே இல்லை. ஸ்விட்சைப் போட்டார். மாவு மெஷின் தூரத்தில் ஓடுவது மாதிரி சத்தம். காவடிகள் கிளம்பின. அதிர்வு அதிகமாக வைத்தால் குதிக்கின்றன, குறைவாக வைத்தால் அசைய மாட்டேன் என்கின்றன. திருகு ஒன்றைப் பத்து நிமிஷம் திருகித் திருகி, ஒரு வழியாக ஒழுங்காக ஏற ஆரம்பித்தன. பெரியவர் அதற்குள் பிரஸ் பக்கம் போய்க் கைப்பிடியை இழுக்கத் தொடங்கிவிட்டார். பிடித்து இழுக்கிற முரட்டு வேலைக்கு நடுக்கம் ஒன்றும் செய்யவில்லை. மணல் மூட்டை மேல் கை வைத்துச் சுடுவதற்கும் ஒன்றும் செய்யவில்லையாம்.

தொண்ணூற்றாறு இறங்கிவிட்டது. இந்த மாதிரி மெஷின்களில் கடைசி நாலைந்துக்கு எப்போதும் சோம்பல். பின்னால் தள்ள ஆள் இல்லாததால் பாதி மலையில் நின்று வேடிக்கை பார்க்கும். அத்தான் மறுபடி திருகாணியில் கை வைத்தார்.

பெரியவர் அவர் கையைத் தட்டிவிட்டு, தன் ஆள்காட்டி விரலைக் கிண்ணத்தின் விளிம்பில் லேசாக வைத்தார். விரல் பாட்டுக்கு நடுங்கியது. நாலும் 'டிக் டிக்'கென்று நகர்ந்து குழாயில் விழுந்தன.

''பார்த்தாயா? 450 டாலருக்கு உன் மெஷின். இது இலவசம்'' என்றார்.